எங்கள் ஊர் நாற்றம்

போன வாரம் உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி தாண்டியதும் கண் அயர்ந்துவிட்டேன். "இன்னாம்மா, உங்க ஸ்டாப்பிங் அப்பவே போயிடுச்சே, தூங்கிக்கினு இருக்கீங்க?" என்று கண்டக்டர் எழுப்பியபோது சின்னசேலம் வந்திருந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் நிறுத்தம் பார்த்து இறங்கிப் பழகியவர்கள் இல்லை. ஊர் எல்லைக்கு முன்பே, ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியின் கழிவுநீர் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து எழுப்பிவிடும். புளித்த மாவும் சாணியும் சேர்ந்து அழுகியது போல ஒரு வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்போம்.

அந்த நாற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கூடம் முடித்ததும் அம்மாவோடு அந்த பேக்டரிக்குத்தான் மரவள்ளிக்கிழங்கு உரிக்கப் போனேன். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக வந்து குவியும். குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, கத்தியால் ஒரு கீறு கீறித் தோலை உரித்து எறிய வேண்டும். அம்மா ஒரே இழுப்பில் முழுத் தோலையும் கழற்றுவாள். என் கையில் அகப்பட்ட கிழங்கு பாதியாக இளைத்துப் போகும். "நீ உரிக்கிறியா, செதுக்குறியா?" என்பாள். அதைக் கழுவி அரைத்துப் பால் எடுத்தால் ஊருக்கெல்லாம் பாயசத்து ஜவ்வரிசி. மிச்சத் தண்ணீர் எங்கள் ஓடைக்கு. ஓடையை ஒட்டித்தான் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு.

தண்ணீர் முதலில் புளித்தது. அப்புறம் கறுத்தது. பஞ்சாயத்தில் பேசினார்கள்; பேச்சாகவே போயிற்று.

வேலைக்கு வராமல் நின்றால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் ஒரு காலை நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் போனோம். அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். கத்தியை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வேறு யாரை உட்கார வைப்பது? பிடுங்கிய மரவள்ளியும் காத்திருக்காது, நீலம் பாய்ந்து கெட்டுவிடும். எங்களுக்கும் அன்றைய கூலி போகும். அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

மதியம் முதலாளி வந்தார். "இன்னா ரங்கம்மா, கெழங்கு கறுத்துக்கினு இருக்கு, பாத்துக்கினு இருக்கீங்க?"

"எங்க கெணறு கறுத்து எத்தினி நாளாவுதுங்க," என்றாள் அம்மா, உட்கார்ந்தபடியே. "ஓடையில வுடாதீங்க. உங்க நெலத்துலயே குழி வெட்டி நிறுத்திக்குங்க."

"என் வூட்டாண்ட நாறாதா?"

வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை அசைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

குழி வெட்டினார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, நாற்றம் முதலாளி வீட்டுக் கூடத்தில் ஏறிய பிறகுதான் அதை அடக்குகிற வேலை மும்முரமானது. குழியைக் கறுப்பு உறை போட்டு மூடி, அதில் ஊறிய வாயுவைப் பிடித்து, அந்த நெருப்பிலேயே ஜவ்வரிசி வறுக்க ஆரம்பித்தார்கள். சில மழைக்காலங்கள் கழிந்து கிணறு தெளிந்தது. ரங்கம்மா மகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

சின்னசேலத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். பேக்டரியில் இப்போது கிழங்கு உரிக்கிற வட்டம் இல்லை, மெஷின்தான் உரிக்கிறது. அதற்கு மடியும் இல்லை, கத்தியை ஒளிக்கவும் தெரியாது. ஓடையில் கழிவுநீரின் வெள்ளை நுரை இல்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "எங்கடி இவ்ளோ நேரம்?"

"தூங்கிட்டேம்மா. நாத்தம் வந்து எழுப்பல."

"எப்பிடி வரும்? நாமதான தொரத்தி வுட்டோம்," என்று கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு நீட்டினாள்.