கடல்குளிசை

பிரியவதனிக்குக் கடல் ஒத்துவராது. சுற்றிவரக் கடல் உள்ள தீவில் பிறந்தவளுக்குக் கடல் ஒத்துவராதா என்று கேட்டால், கேட்பவருக்கு வேலணையைத் தெரியாது. வேலணைக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் நடுகிற ஆட்கள். யாழ்ப்பாணம் போகக் கடலை ஊடறுத்துத் தாம்போதி இருக்கிறது, பஸ் இருக்கிறது. படகில் கால் வைக்காமலே ஒருவர் பிறந்து வளர்ந்து கிழடாகிவிடலாம். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்க அவளுக்கு நியமனம் வந்து சேர்ந்தது.

விடிய எழும்பிக் குறிகட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு. பின்னேரம் அதே கடல், அதே படகு. முதல் கிழமை முழுக்க வாந்தி, ஓயாத சத்தி. வகுப்புக்குள் போய் நின்றால் கரும்பலகையும் சேர்ந்து ஆடியது. இனி ஏலாது என்று அவள் அழுத அன்றைக்குத்தான், படகில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் கைப்பையைத் திறந்து ஒரு குளிசையை நீட்டினாள்.

"இதைப் போட்டுட்டு ஏறும் பிள்ளை. நாங்கள் எல்லாரும் போடுறதுதான்."

அதற்கு ஒரு பெயர் இருந்தது. அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை. படகில் எல்லோரும் அதைக் கடல்குளிசை என்றார்கள். பாமசியில் போய்க் "கடலுக்குப் போடுறது ஒரு காட்" என்றால், டொக்டரின் துண்டு கிண்டு ஒன்றும் கேட்காமல் வெட்டித் தந்தார்கள். பிரியவதனியின் கைப்பையில் அடையாள அட்டை, சீப்பு, கடல்குளிசை மூன்றும் ஒரே அறையில் கிடந்தன. காலையில் ஒன்று, பின்னேரம் திரும்பும்போது ஒன்று. வர வர யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கும் ஒன்று என்றாயிற்று. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதுபோல, பயணம் என்றால் அதையும் போட்டுக்கொள்வாள்.

அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஜசிந்தா ரீச்சருக்கு மட்டும் இது பகிடி. அவர் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்து மனுசி. எந்தக் காற்றுக்கும் அசையாமல் படகின் பின்பக்கத்தில் இருந்து வெற்றிலை போடுவார். "கடலுக்குக் குளிசை போடுற சனத்தை இப்பதான் பாக்கிறன்" என்பார்.

நியமனம் வந்த அடுத்த வருசம் வசீகரனுக்கும் அவளுக்கும் கல்யாணம். வசீகரன் வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரன். அதிகம் கதைக்கமாட்டான். ஆனால் ஒரு நாள் தவறாமல் அவளை மோட்டச்சைக்கிளில் குறிகட்டுவானுக்கு ஏற்றிப்போய், படகு வெளிக்கிடும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவான். நல்ல மனுசன். இருவரும் பிள்ளை வேண்டும் என்றுதான் இருந்தார்கள். பிள்ளைதான் வரவில்லை.

மாதவிலக்கும் அவளுடன் ஒளித்துப்பிடித்து விளையாடியது. பள்ளிக்கூட நாட்களில் மாதக்கணக்காக வராது. ஓகஸ்ட் லீவில் வரும், டிசம்பர் லீவில் வரும். பள்ளிக்கூடம் தொடங்கினால் திரும்பவும் காணாமல் போய்விடும். மாமியார் இராசமணி இதைக் கவனித்துத் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு நாளும் வயித்தை அந்தக் கடலில போட்டுக் குலுக்கினால் என்னண்டு தங்கும்? வேலையை விடும் பிள்ளை. உவன்ர தோட்டம் சோறு போடாதே?"

இராசமணி பொல்லாதவர் இல்லை. பேரப்பிள்ளைக்கு ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். ஆனால் பிரியவதனிக்கு வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கடல் கேட்கிறதாக்கும் என்று அவளுக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஈரமாக எதையோ கண்டாள். பால். பிள்ளை பெறாத மார்பில் பால். அவள் குளியலறைத் தரையில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. வசீகரனுக்குச் சொல்லவே ஒரு கிழமை எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் அவள் போய்ப் பார்த்த பெண் டொக்டர் வயதில் மூத்தவர், நிதானமானவர். கர்ப்பம் இல்லை என்று பார்த்தார், தைரொயிட் பார்த்தார், பிறகு புரோலக்ரின் என்று ஒரு இரத்தப் பரிசோதனை எழுதினார்.

"அது பால் சுரக்க வைக்கிற ஓமோன். பிள்ளைக்குப் பால் குடுக்கிற காலத்தில கூடி நிக்கும். அப்ப முட்டை வெளியில வராது, மாதவிலக்கும் நிண்டுபோகும். பிள்ளை இல்லாத நேரத்தில அது கூடினால் உடம்பு ஏமாந்துபோகும். மடியில பிள்ளை இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்."

உடம்புக்குத் தெரிந்த அந்தப் பிள்ளை உலகத்துக்குத் தெரியவில்லையே என்று பிரியவதனி நினைத்தாள்.

முதல் பரிசோதனைக்கு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, வியர்த்து விறுவிறுத்துப் போய்க் கையை நீட்டினாள். அளவு கூடவாக வந்தது. ஓடினாலும் பயந்தாலும் நித்திரை குழம்பினாலும் அது கொஞ்சம் ஏறும், திரும்ப எடுப்போம் என்றார் டொக்டர். எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, வெறுவயிற்றோடு போய், ஆறுதலாக இருந்துவிட்டு இரத்தம் கொடுக்கச் சொன்னார். பிரியவதனி கணித ரீச்சர் அல்லவா, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வெறுந்தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பஸ்ஸுக்குப் போடும் குளிசையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினாள். வெறுவயிறு என்றால் சாப்பாடுதானே.

இம்முறை அளவு இன்னும் கூடியிருந்தது.

"ஏதும் மருந்து எடுக்கிறீரோ?" என்று டொக்டர் கேட்டார். முதல் நாளும் கேட்டவர்தான்.

"இல்லை டொக்டர். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் நோய் வருத்தத்துக்குப் போடுவது. கடல் ஒரு வருத்தமா?

டொக்டர், மூளையின் அடியில் உள்ள சுரப்பியைப் பார்க்க ஒரு ஸ்கான் எடுத்தால் நல்லது என்றார். சில வேளை அதில் சின்னக் கட்டி ஒன்று இருக்கும், பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாத கட்டி, அதற்குக் குளிசை இருக்கிறது என்றெல்லாம் பக்குவமாகத்தான் சொன்னார். ஆனால் மூளை, கட்டி என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு யாருக்கு என்ன கேட்கும்? கூட வந்திருந்த வசீகரனின் முகம் வெளிறிப்போயிற்று. பிரியவதனி கைப்பையை எடுத்தாள். எழும்பிப் போகும் நேரம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"அந்த மிசினுக்குள்ள படுத்தால் தலை சுத்திச் சத்தி வருமெண்டு சொல்லுகினம். போக முதல் கடல்குளிசை ஒண்டு போடலாமோ?"

எழுதிக்கொண்டிருந்த டொக்டர் நிமிர்ந்தார்.

"என்ன குளிசை?"

பிரியவதனி கைப்பையைத் திறந்து அட்டையை மேசையில் வைத்தாள். டொக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தச் சின்ன எழுத்தை வாசித்தார்.

"டொம்பெரிடோன். இதை எப்பப் போடுவீர்?"

"ஒவ்வொரு நாளும். நெடுந்தீவுக்குப் போகேக்க ஒண்டு, வரேக்க ஒண்டு. இஞ்ச வாறதெண்டாலும் ஒண்டு. ஆனா லீவில போடுறேல்லை டொக்டர்."

லீவில் என்று சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஓகஸ்ட். டிசம்பர். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு ஏன் இத்தனை வருசம் பிடிபடவில்லை?

"புரோலக்ரினுக்கு மூளையில ஒரு கடிவாளம் இருக்கு," என்றார் டொக்டர். "இந்தக் குளிசை சத்தியை நிப்பாட்டுற அதே நேரம் அந்தக் கடிவாளத்தையும் விட்டுப்போடும். இரத்தம் எவ்வளவு எண்டுதான் சொல்லும் பிள்ளை, ஏன் எண்டு சொல்லாது. அதை நான் உம்மட்டக் கேட்டு எடுத்திருக்க வேணும். மருந்து எண்டு கேட்டன். குளிசை எண்டு கேக்கேல்லை."

குளிசையை நிறுத்திவிட்டுத் திரும்ப இரத்தம் எடுப்போம், அளவு இறங்காவிட்டால் மட்டும் ஸ்கான் என்று முடிவாயிற்று. வெளியே போய்க் குளிசையில் நல்லது எது, கெட்டது எது என்று கேட்பவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிவிடாதேயும் என்று டொக்டர் எச்சரித்தும் விட்டார். வேறு வருத்தங்களுக்குப் போடும் குளிசைகளிலும் இதைக் கூட்டுகிறவை உண்டு, அவற்றைத் தன்பாட்டில் நிறுத்தினால் ஆபத்தாகிவிடும்.

அடுத்த பரிசோதனைக்கு வசீகரன் அவளைப் பஸ்ஸில் விடவில்லை. மோட்டச்சைக்கிளில் மெல்ல மெல்லக் கொண்டுபோய் இறக்கினான். அளவு இறங்கியிருந்தது. சாதாரண அளவு. றிப்போட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, தெருவென்றும் பாராமல் அவள் கையைப் பிடித்தான்.

"அப்ப மாமி சொன்னது சரிதான்," என்று பிரியவதனி சிரித்தாள். "கடல்தான் காரணம்."

ஆனால் கடல் கடலாகத்தான் இருந்தது. குளிசை இல்லாத முதல் நாள் நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. இப்போது ஜசிந்தா ரீச்சர் பகிடி பண்ணவில்லை. அவளைப் படகின் உள்ளே இருக்க விடாமல் பின்பக்கத்துக்குக் கூட்டிவந்து, தூரத்துக் கரையை மட்டும் பார்க்கச் சொன்னார். மணந்து பார்க்க ஒரு தேசிக்காயும் சத்தி எடுக்கச் சொப்பிங் பையும் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் கொடுத்தார். சோளகக் காற்று முடிந்து வாடைக் காற்றும் போயிற்று. சத்தி குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆனால் மாதவிலக்கு மாதா மாதம் ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோசம், அதோடு ஒரு ஏமாற்றம். வந்ததே என்று சந்தோசம், வந்துவிட்டதே என்று ஏமாற்றம். அவள் இரண்டையும் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் கடல் குளம்போலப் படுத்துக்கிடந்தது. குறிகட்டுவானில் படகு ஆடாமல் அசையாமல் கட்டியபடி நின்றது. சனம் வரிசையில் நின்றது. வரிசையில் யாரோ றோல்ஸ் பொதியைப் பிரிக்க, பொரித்த வாசம் அடித்தது. பிரியவதனி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்த் துறையின் ஓரத்தில் குனிந்தாள்.

ஜசிந்தா ரீச்சர் தேசிக்காயோடு பின்னால் வந்தார். முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே படகைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"வதனி," என்றார் மெல்ல. "போட் இன்னும் வெளிக்கிடேல்லையே."

பிரியவதனி நிமிர்ந்தாள். போன மாதத்தை எண்ணினாள், அதற்கு முந்தியதை எண்ணினாள். தூரத்தில் வசீகரன் மோட்டச்சைக்கிளை விட்டிறங்கி ஓடிவந்துகொண்டிருந்தான். வரிசையில் நின்ற ஒரு பெண் இரக்கப்பட்டுக் கைப்பையைத் திறந்தாள்.

"இந்தாங்கோ ரீச்சர், கடல்குளிசை ஒண்டு போடுங்கோ."

"வேண்டாமக்கா," என்றாள் பிரியவதனி. கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "இது கடல் இல்லை."