ஏரோதின் தாடி

1985இல் சொந்த நாடகக் குழு வைத்து ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று மேடையேறிய கிரேஸி, தொழில் தொடங்கியது பன்னிரண்டாவது வயதில். தொழில், தாடி கட்டுவது.

அவள் அப்பா மோசஸ் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய ஆட்டுத்தோலின் ரோமத்தைச் சீவித் தள்ளுவார். கழிவென்று கொட்டியதைக் கிரேஸி அள்ளி வந்தாள். ஏழு தண்ணீரில் அலசி, வெட்டிவேர் போட்ட வெந்நீரில் முக்கி, காயவைத்து வலைத்துணியில் முடிந்தாள். ஒட்டுவதற்குக் குங்கிலியப் பசை. அதை விடுவிக்க அவளே காய்ச்சுகிற எண்ணெய் ஒன்று வேண்டும்.

வேஷச் சாமான் வியாபாரி சர்தார் பாஷா அவள் கட்டிய தாடிகளைச் சைக்கிளில் கொண்டுபோய் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். "மெட்ராஸ் சரக்கு" என்பார். குழிக்காரன் மகள் கட்டியது என்றால் யார் முகத்தில் ஒட்டிக்கொள்வார்கள்?

ஆனால் முதல் தாடியைக் கிரேஸி தனக்காகத்தான் கட்டினாள். அவளுக்கு நடிக்க வேண்டும். சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று வருஷமாக அவளுக்கு ஆடு வேஷம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தவழ வேண்டும், வசனம் கிடையாது. அவளுக்கோ, குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராஜாவின் வசனம் முழுக்க மனப்பாடம். அந்த வேஷத்தை நாடகம் நடத்துகிற ஞானமுத்து வாத்தியாரே வருஷாவருஷம் போட்டுக்கொள்வார்.

1978இல், வேஷத்தோடு நடந்த கடைசி ஒத்திகையில் கேட்டேவிட்டாள்.

"சார், இந்த வருஷம் ஏரோது நான் பண்றேன்."

"ஏரோது இன்னா பொம்பளையா?"

"தாடி வெச்சா யாருக்கு சார் தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியுமே. முன்வரிசையில ஆஸ்பத்திரி டாக்டரம்மா உக்காருவாங்க. டேனரி நாத்தத்த மேடையில ஏத்தச் சொல்றியா?"

கடவுள் மாட்டுக்கொட்டிலில் பிறந்தார் என்று நடிக்கிற இடத்தில் இந்தப் பேச்சு.

"உங்க தாடி நாறுதா சார்?"

"மெட்ராஸ் சரக்கு. கமகமன்னு இருக்குது."

"எங்கப்பா குழியில சீவினது சார் அது. நான்தான் கட்டினேன்."

மேய்ப்பர் வேஷம் போட்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தாடி கொண்டுவந்திருந்த பாஷாவை வாத்தியார் முறைத்தார். பாஷா கூரையைப் பார்த்தார். வாத்தியார் தாடியைப் பற்றி இழுத்தார். கன்னம்தான் கூடவந்தது.

"எடுடி இத."

கிரேஸி எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"சரி, மேய்ப்பன் வேஷம் தர்றேன்."

"ஏரோது."

"நட்சத்திரம் பாத்து வர்ற மூணு சாஸ்திரியில ரெண்டாவது ஆளு. வசனம் இருக்குது."

"ஏரோது சார். நாளைக்கு இந்தத் தாடியோட கடைத்தெருவுல நடப்பீங்களா?"

"குடுத்துடுங்க சார்," என்றார் பாஷா. "ஜாஸ்தி இழுத்தா தோலு வந்துடும். அப்புறம் அதயும் டேனரிக்குத்தான் அனுப்பணும்."

மறுநாள் மாலை. நாற்காலிகளில் வாத்தியார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள். டேனரிக் குடும்பங்கள் பின்சுவர் ஓரமாக நின்றன. எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. என்றைக்கும் அப்படித்தான்.

ஏரோது ராஜா தாடியை நீவிக்கொண்டு சிம்மாசனத்தில் அமர்ந்தார். குழந்தை எங்கே என்று கர்ஜிக்க வேண்டிய இடம். ராஜா பின்சுவரைப் பார்த்தார்.

"அங்கே நிற்பவர்கள் யார்? என் அரண்மனையில் எவரும் நிற்கக் கூடாது. அனைவரும் முன்னால் வந்து அமரட்டும். இது ராஜ கட்டளை."

கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மோசஸ் மெல்ல நடந்து வந்து மேடைக்கு நேர்முன்னால் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்தது. முன்வரிசை நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்து இடம் விட்டன.

திரைக்கயிற்றைப் பிடித்திருந்த ஞானமுத்து வாத்தியார் பல்லைக் கடித்தார். "ஏய், வசனத்துல இது இல்லையே."

ராஜா தலையைத் திருப்பாமல் தாடிக்குள்ளிருந்து சொன்னார்: "எல்லாரும் உக்காரட்டும் சார். அப்புறம் கொழந்தையத் தேடறேன்."