அம்மாவின் முழங்காலும் என் மறதியும்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே அம்மா பனியில் சறுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு, வைத்தியசாலையில் பயிற்சி கொடுத்த பெண் ஒரு தாளை நீட்டினாள். தினமும் கதிரையில் இருந்தபடி இருபது தரம் காலை நீட்டி மடக்க வேண்டும், அரை மணித்தியாலம் வெளியே நடக்க வேண்டும். விட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று அப்பா மொழிபெயர்த்தார்.

முதல் இரண்டு கிழமையும் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. நான் டேனிஷில் எண்ண, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவார். மூன்றாம் கிழமை தாள் அலுமாரிக்குள் போய்விட்டது. அப்பா தொழிற்சாலையால் வந்து கத்தியும் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார்.

"நடக்கிறதெண்டால் ஒரு இடத்துக்குப் போகவேணும். சும்மா றோட்டிலை போட்டு வர எனக்கென்ன விசரே?" என்றார் அம்மா.

ஒன்பது வயதுக்காரியான எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அம்மா காலம் முழுக்க நொண்டுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கி, தரிப்புக்குப் பக்கத்துக் கியோஸ்க் என்ற பெட்டிக்கடையில் என் புதுக் கையுறை ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கியோஸ்க்கில் மறந்துவிட்டேன் என்றதும் அம்மா திட்டித் தீர்த்தார்.

"நீ போனால் மற்றதையும் துலைச்சுப்போட்டு வருவாய். நானே போறன்."

போய்வர அரை மணித்தியாலம் ஆனது.

அதன் பிறகு தொப்பி, சால்வை, சாப்பாட்டுப் பெட்டி என்று நாளுக்கொன்றாக மறந்தேன். இப்படியொரு மறதிக்காரியை ஊருலகத்தில் காணவில்லை என்று அம்மா புலம்புவார். ஆனால் வரவர அவர் திரும்பி வரப் பிந்தியது. கியோஸ்க்காரி கோப்பி கொடுத்தாளாம். அவளுக்கும் முழங்கால் வருத்தமாம். இவருக்கு டேனிஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. எந்தப் பாஷையில் கதைத்தார்களோ, அம்மா சிரித்த முகத்தோடு வருவார். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

பங்குனி முடிய, கால் நன்றாக மடங்குகிறது, இனி வரத் தேவையில்லை என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். என் வேலையும் முடிந்தது. மறுநாள் ஒன்றையும் விடாமல் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா கோட்டும் சப்பாத்தும் போட்டு, கையில் கடதாசியில் மடித்த ஒரு சரையோடு வாசலில் நின்றார்.

"இண்டைக்கு என்னத்தை விட்டிட்டு வந்தனி?"

"ஒண்டும் விடேல்லை அம்மா."

"வடிவா யோசிச்சுப் பார்."

நான் பெருமையோடு பையைக் கவிழ்த்துக் காட்டினேன். எல்லாம் இருந்தது. அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காரணமும் இல்லாமல் வெள்ளைக்காரியின் கடைக்குப் போய் நிற்க அவருக்குக் கூச்சம் என்பது எனக்கு அந்த வயதில் எங்கே விளங்கப்போகிறது?

"இந்தா, நீயே சாப்பிடு" என்று சரையை நீட்டினார்.

சூடான பருப்பு வடை, நான்கு. மறக்காமல் வந்ததற்குப் பரிசு என்று நினைத்து நான்கையும் நானே தின்று முடித்தேன்.