சூடு என்றே நினைத்தோம்

கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு வெள்ளைப்பட்டது, நமைச்சல் வேறு. கரிசல் வெயிலில் பருத்தி எடுக்கிற பெண்களிடம் சொன்னால், "உடம்புச் சூடு" என்பார்கள். நானும் வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். பிள்ளை மட்டும் உண்டாகவில்லை.

வருஷங்கள் போய், கோவில்பட்டி டாக்டரம்மாதான் பார்த்துச் சொன்னார்: "இது சூடு இல்லம்மா, ஒட்டுண்ணிக் கிருமி. கருக்குழாய் அடைப்புக்கு இதுவே காரணமா இருக்கலாம். உறவுல பரவும். உங்க வீட்டுக்காரரும் மாத்திரை சாப்பிடணும். இல்லன்னா திரும்ப வரும்."

வீட்டுக்காரர் மாத்திரையைத் தொடவில்லை. "எனக்கு ஒரு நோவும் இல்ல. கொறை ஒனக்கு. நான் எதுக்குத் திங்கணும்?"

எனக்கு மறுபடியும் வந்தது. ஒரு நாள் மாத்திரையும் கையுமாக அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உதறிவிட்டார்.

அடுப்படியிலிருந்து மாமியார் வந்தார். என்னை மலடி என்று ஊரெல்லாம் சொன்னவர். கீழே கிடந்த மாத்திரையை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"முழுங்குலே. ஒன்னப் பெத்த பொறவு எனக்கும் இதே நமைச்சல்தான். சூடுன்னு மோரக் குடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒனக்குப் பொறவு வயித்துல ஒண்ணும் தங்கல."

வீட்டுக்காரர் தலை நிமிராமல் விழுங்கினார்.

என் குழாய் திறக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அத்தையும் வந்தார். டாக்டரம்மா கூப்பிட்டதும் என் கையைப் பிடித்து, "எனக்கும் பாக்கச் சொல்லுட்டி. இப்பவும் நமைக்குது" என்றார்.

என்னை ஏசிய நாளிலெல்லாம் அவருக்கும் அது இருந்திருக்கிறது.