எட்டாவது வாரத் தண்ணீர்

இது எனக்கு நடந்தது. கேள்விப்பட்டதில்லை, கற்பனையுமில்லை. நான் காஞ்சிபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பதினாறு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். அளந்து பார்க்காத எதையும் எழுதாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தவள். இதில் வரும் நேரமும் எண்களும் அன்றிரவே குறித்துவைத்தவை. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

முதலில் எங்கள் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது.

பச்சைப் பட்டு நூலின்மேல் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் பசை கரைந்து நூல் மினுமினுக்கும். பசைத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். நாங்கள் அதைப் பிடித்து, பசையைப் பிரித்தெடுத்து, காற்று படாமல் சுட்டுக் கரியாக்கினோம். அந்தக் கரி, சாயப்பட்டறைத் தண்ணீரில் இருக்கும் சாயத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டிலிருந்து கழித்ததே பட்டின் அழுக்கை வாங்கிக்கொள்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு இதில் அலுப்பே வராது.

யோசனை என்னுடையதல்ல, ஆஷிஃபாவுடையது. என்னிடம் மூன்றாம் வருஷம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். வீடு பெரிய காஞ்சிபுரத்தில். அப்பா ஜரிகை வியாபாரி. மிகக் குள்ளம். ஆய்வக மேசைமேல் இருக்கும் பியூரெட்டைப் படிக்க ஒரு சின்ன மர ஸ்டூல் போட்டு ஏறி நிற்பாள். பியூரெட் என்பது கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் திருகு இருக்கும். கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியும்.

தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. இருபது மில்லி தண்ணீரை எடுத்து, ஆரஞ்சு நிற மருந்தும் அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைப்போம். தண்ணீரில் உள்ள அழுக்கு மருந்தைத் தின்றுவிடும். மிச்சம் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை, பியூரெட்டிலிருந்து இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண்டுபிடிப்போம். நல்ல தண்ணீர் என்றால் இருபத்தைந்து மில்லி இறங்கும். அழுக்கு ஏற ஏற எண் குறையும். பத்தொன்பதுக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீரை வெளியே விடக் கூடாது.

முடிவு நிறத்தில் தெரியும். நீலப்பச்சையாக இருக்கும் குடுவை ஒரே ஒரு சொட்டில் செம்பழுப்பாக மாறும். ஆஷிஃபா புடவைக் கடைக் கணக்கில்தான் சொல்வாள்.

“மயில்கழுத்து மேடம்... இன்னும் மயில்கழுத்து... அரக்கு.”

என் மாணவர்கள் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

ஒரு விதி உண்டு. ஒரு தடவை வந்த எண், எண்ணே இல்லை. இரண்டாம் தடவையும் அதுவே வந்தால்தான் மையில் எழுத வேண்டும். அதுவரை பென்சில். இதில் மட்டும் நான் யாருக்கும் தளர்த்தியதில்லை.

தென்னேரிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கரி நிரப்பிய டிரம் ஒன்றை வைத்தோம். முதல் வாரம், நாலாவது வாரம், எட்டாவது வாரம் என்று மூன்று தடவை வெளியே வரும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். முதல் வாரம் 21.3. நாலாவது வாரம் 21.1. அருமையான எண்கள். எட்டாவது வாரமும் இப்படி வந்தால் அடுத்த மூன்று வருஷத்துக்கு நிதி கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த லோகேஷுக்கு உதவித்தொகை கிடைக்கும்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி சாயங்காலம் நாலரை மணி. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

“மேடம், மழை வர்ற மாதிரி இருக்குது. நாளைக்குக் காலைல போய்த் தண்ணி எடுத்துக்கினு வந்துடட்டுமா?” என்றாள் ஆஷிஃபா.

“இன்னைக்குத்தான்மா அம்பத்தாறாவது நாள். நாளைக்கு அம்பத்தேழு.”

“ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது மேடம்? தண்ணி கோவிச்சுக்குமா?”

“தண்ணி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்.”

சிரித்துக்கொண்டே ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

ஆறு ஐந்துக்கு வாலாஜாபாத் சாலையில் லாரி.

அவள் தண்ணீர் எடுத்தாளா, அதற்கு முன்பே அடிபட்டாளா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவளுடைய ஸ்டூலை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். மறுநாள் காலை பத்தரைக்கு நிதி தரும் நிறுவனத்தின் நிபுணர் வருகிறார். நானும் லோகேஷும் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தோம். ‘மாணவர் சாதனைகள்’ என்ற பக்கத்தில் ஆஷிஃபா வாங்கிய இரண்டு பரிசுகள் இருந்தன. பக்கத்தில் ‘மாணவரின் தற்போதைய நிலை’ என்று ஒரு கட்டம். தொடர்கிறார், முடித்தார், இடையில் நின்றார். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

“எது மேடம் போடறது?” என்றான் லோகேஷ்.

அவனே ‘இடையில் நின்றார்’ என்பதை அழுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, “எட்டாவது வாரம் காலியா இருக்குதே மேடம்” என்றான்.

“தெரியும்பா.”

“ரெண்டும் இருபத்தொண்ணுலதான நிக்குது. மூணாவதும் அப்படித்தான் வந்திருக்கும்.”

“நீ கிளம்பு. பஸ் போயிடும்.”

அவன் போனபோது மணி 7.10. நான் எட்டாவது வாரத்தின் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் எண்ணிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். ரொம்பப் பொருந்தினால் சந்தேகம் வரும். 21.0 என்று தட்டினேன். இரண்டாம் அளவீடு, 20.9.

மணி 7.24.

பக்கத்து அறையில், ஆய்வகத்தில், தண்ணீர் ஓடும் சத்தம்.

போய் விளக்கைப் போட்டேன். கொதிக்கவைக்கும் அடுப்புக்கு மேலிருக்கும் குளிர்விப்பான் குழாய்க்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆவியைத் திரும்பத் தண்ணீராக்க அதைத் திறந்துவைப்போம். வாஷர் தேய்ந்திருக்கும் என்று குழாயை மூடிவிட்டு வந்தேன்.

7.31. மறுபடி ஓடியது.

இந்தத் தடவை கவனித்துப் பார்த்தேன். அடுப்பில் உருண்டைக் குடுவை இருந்தது. உள்ளே ஆரஞ்சுத் திரவம், கொதி அடங்கியிருக்கப் போடும் கண்ணாடி மணிகளோடு. தொட்டேன். சூடு. குடுவையில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையில் ‘8’ என்று எழுதியிருந்தது.

லோகேஷைப் போனில் கூப்பிட்டேன்.

“நீ ஏதாவது கொதிக்கவெச்சிட்டுப் போனியா?”

“இல்ல மேடம். எதை வெக்கிறது? தண்ணியே இல்லையே.”

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கொதிக்கும் அமிலத்தைத் தனியாக விட்டுவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்பதும் நான் சொல்லிக்கொடுத்த விதிதான். என் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே குமிழிகள் கண்ணாடி மணிகளில் முட்டும் சத்தம். கட்... கட்... கட்... இதே சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆஷிஃபா எத்தனை சாயங்காலம் டீ குடித்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

9.24. அடுப்பு தானாக அணைந்தது. சரியாக இரண்டு மணி நேரம்.

இனி ஆற வேண்டும். அரை மணி ஆகும்.

எழுந்து போகவும் முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

9.52. ஆய்வக விளக்கு அணைந்தது.

மின்வெட்டு இல்லை. என் அறையில் விளக்கு எரிந்தது. மேசை விளக்கு மட்டும் எரிந்தால் நிறம் மாறுவது நன்றாகத் தெரியும். அதனால் அவள் பெரிய விளக்கை அணைத்துவிடுவாள்.

மேசை விளக்கு எரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்ஸ்... காய்ச்சி வடித்த தண்ணீரைக் குடுவைக்குள் பீய்ச்சும் சத்தம்.

கர்ர்ர்...

தரையில் மர ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

பிறகு, டிக். பியூரெட்டுக்குக் கீழே வெள்ளை ஓடு இருக்கும். குடுவையைச் சுழற்றும்போது அதன் அடி ஓட்டில் படும்.

டிக்... டிக்... டிக்...

முதலில் வேகம். முடிவு நெருங்கும்போது மெதுவாகும். ஒரு சொட்டு. சுழற்றுவது. காத்திருப்பது.

டிக்.........

டிக்...............

நின்றது.

“அரக்கு.”

மூச்சு மாதிரி. அவ்வளவு மெதுவாக.

கண்ணைத் திறந்தேன்.

யாருமில்லை.

ஸ்டூல் இருந்தது. குடுவை இருந்தது. உள்ளே, அரக்கு.

பியூரெட்டைப் படித்தேன். 17.8. பக்கத்தில் பதிவேடு திறந்திருந்தது. எட்டாவது வாரம், முதல் அளவீடு. பென்சிலில், 17.8. ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு. அவள் அப்படித்தான் போடுவாள்.

இரண்டாம் கட்டம் காலி.

மணி 10.11. எப்படி மாடிப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. காவலாளி வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது 10.20. பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூல் இல்லை. ஸ்டோர் ரூம் பூட்டியே இருந்தது, சாவி என் பையில். குடுவைகள் கழுவித் தாங்கியில் கவிழ்த்திருந்தன.

“யாரும் உள்ள வரலியேம்மா. நான் கேட்டாண்டதான் உக்காந்துக்கினு இருந்தேன்” என்றார். குடுவையைத் தொட்டுப் பார்த்தார். “ஈரமா இருக்குது. இப்பதான் கழுவினீங்களா?”

பதிவேட்டில் அந்தப் பென்சில் எண் மட்டும் இருந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் போவதற்கு முன் அறிக்கையிலிருந்து இரண்டு எண்களை அழித்தேன். 21.0. 20.9. அந்த இடத்தில் 17.8 போடவுமில்லை. ஒரு தடவை வந்த எண், எண்ணே இல்லை.

மறுநாள் நிபுணர் கேட்டார்.

“எட்டாவது வாரம் எங்கம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப கரி எத்தனை நாள் தாங்கும்னு தெரியாது.”

“தெரியாது சார்.”

அவர் நல்ல மனிதர்தான். அவள் இறந்ததை அறிந்து வருத்தப்பட்டார். ஆனால் வருத்தத்துக்கு நிதி ஒதுக்க முடியாது. மூன்றாவது நாளே மின்னஞ்சல் வந்துவிட்டது. லோகேஷ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால், களைப்பில் ஏதோ பார்த்தேன், பென்சிலில் நானே எழுதியிருப்பேன் என்று விட்டிருப்பேன்.

அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி ஆஷிஃபாவின் தம்பி தப்ரேஸ் துறைக்கு வந்தான். கையில் அவளுடைய தோள்பை. விபத்து நடந்த அன்று காவல் நிலையத்துக்குப் போனது, இப்போதுதான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

“உள்ள உங்க சாமான் ஒண்ணு இருக்குது மேடம். அம்மா, டீச்சருதை டீச்சர்கிட்டயே குடுத்துடுன்னாங்க.”

துப்பட்டாவில் சுற்றி ஒரு பாட்டில். உடையவில்லை. கீறல்கூட இல்லை. அப்படிச் சுற்றி வைத்திருந்தாள்.

“அக்கா எடுத்துக்கினுதான் வந்திருக்கா மேடம்,” என்றான். “டீச்சர்கிட்ட சொல்லுன்னு அம்மா சொன்னாங்க.”

அவன் போகும்வரை நான் தலை நிமிரவில்லை.

பாட்டில் மூடியைச் சுற்றி டேப். டேப் மேல் குறுக்கே அவள் கையெழுத்து. அதன் கீழே ‘நாள் 56, மாலை 5.40’. யாராவது திறந்திருந்தால் கையெழுத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். பிரியவில்லை.

எங்கள் பாட்டில்களில் பத்து மில்லிக்கு ஒரு கோடு உண்டு. நூறு மில்லிக் கோடுவரை சரியாக நிரப்பித்தான் மூட வேண்டும். ஆஷிஃபா ஒரு நாளும் தவறியதில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் எண்பதில் நின்றது.

ஒரு சோதனைக்கு இருபது மில்லி வேண்டும்.

டேப்பை நானே வெட்டினேன். பதினோரு வாரம் புழுக்கத்தில் கிடந்த தண்ணீர் மாறியிருக்க வேண்டும். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். இருபது மில்லி எடுத்தேன். இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஆறவிட்டேன். ஸ்டோர் ரூமிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து பியூரெட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். எனக்கு அது தேவையில்லை. ஆனாலும் போட்டேன்.

மயில்கழுத்து. மயில்கழுத்து. மயில்கழுத்து.

அரக்கு.

17.8.

கரி எட்டு வாரம் தாங்கவில்லை. அதைத்தான் அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

விதிப்படி மையில் எழுதினேன். எட்டாவது வாரம், இரண்டு அளவீடுகள், இரண்டும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ‘சோதித்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டாவதற்கு எதிரில் என் கையெழுத்தைப் போட்டேன்.

முதலாவதற்கு எதிரில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. டேப் மேல் இருந்த அதே கையெழுத்து. அந்த மை இன்னும் காயவில்லை.