ஆத்தாவுக்கு வந்த நிவாரணம்

எனக்கு அம்மை வார்த்திருந்தபோது எங்கள் வீட்டில் நான்தான் பெரிய ஆள். ஏழு வயது. அப்பா என் முன்னால் குரலை உயர்த்த மாட்டார். அம்மா என்னை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவாள். மாரியாத்தாவே என் உடம்பில் வந்து இறங்கியிருப்பதாக நம்பிக்கை. வேப்பிலைப் படுக்கையில் படுத்துக்கொண்டு, இது இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

அந்த வருஷம் விருத்தாசலத்தில் தெருவுக்கு நாலு வீட்டு வாசலிலாவது வேப்பிலை தொங்கியது. நோய் பரவாமலிருக்கப் பீங்கான் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். அப்பா சூளையில் பொம்மை அடுக்குகிறவர், அம்மா அதே பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சூளை அணைந்ததும் இரண்டு பேருக்கும் கூலி நின்றுபோனது. எனக்கு அதெல்லாம் தெரியாது. புகை இல்லாத வானம் சன்னல் வழியாகக் கழுவிவைத்த தட்டுப் போலத் தெரிந்தது. காய்ச்சல் ஏறும்போது வெள்ளைப் பொம்மைகள் வரிசையாகச் சுவர்மேல் நடந்துபோயின. அம்மா இன்னும் கண் எழுதாததால் அவை ஒன்றையொன்று தடவிப் பிடித்துக்கொண்டு போயின. நான் அவற்றுக்கு வழி சொல்லிக்கொண்டே தூங்கிப்போவேன்.

ஒருநாள் தாலுக்கா ஆபீஸிலிருந்து குமாஸ்தா ஒருவர் வந்தார். வேலை நின்றுபோன தொழிலாளிகளுக்கு அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுக்கிறதாம். சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கடன்கூட உண்டாம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றார். அம்மா வாங்க மறுத்துவிட்டாள். அம்மை வார்த்த வீட்டில், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கொடுக்கல் வாங்கல் கூடாது. உப்பைக்கூட யாரிடமும் வாங்க மாட்டாள்.

"இன்னைக்கு வாங்கலன்னா திரும்பிப் போயிடும்மா," என்றார் குமாஸ்தா.

அதற்குள் அடுத்த தெருவிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு குறுக்குவழி இருக்கும். ஒரு முறத்தில் வேப்பிலையைப் பரப்பி வாசற்படியில் வைத்தார்.

"கையில குடுத்தாதானே வாங்குறது? ஆத்தாவுக்குன்னு சொல்லி இதுல போட்டுடுங்க சார்."

குமாஸ்தா நோட்டுகளை முறத்தில் போட்டுவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அப்பா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மட்டும் கொடுக்கல் வாங்கலில் சேராது என்பதும் சித்தப்பாவின் தீர்ப்புதான்.

குமாஸ்தா தெருமுனை திரும்பியதும் அம்மா பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டாள். சித்தப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது.

"அரிசி வாங்க வாணாமா அண்ணி?"

"ஆத்தாவுக்குன்னு போட்டத நாம எப்புடி தம்பி தொடறது?"

சித்தப்பா விடுவாரா? ஆத்தாவையே கேட்டுவிடலாம் என்றார். அப்பா வந்து என் முன்னால் கைகூப்பி நின்றார்.

"ஆத்தா, இத எடுத்துக்கவா? உத்தரவு குடு ஆத்தா."

காய்ச்சலில் அவர் நெடுநெடுவென்று கூரையைத் தொடும் உயரத்தில் தெரிந்தார். அவ்வளவு பெரிய அப்பா என்னிடம் கெஞ்சுகிறார். கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்குக் கெஞ்சப்போகிறார்? முடிச்சை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டேன். மஞ்சள் வாசம் சொக்கவைத்தது. "குடுக்க மாட்டேன், அது எனக்கு," என்றேன். அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்து கேட்டார். அன்றைக்கும் அதே பதில்தான்.

பானையில் மிச்சமிருந்த கேழ்வரகு எனக்குக் கூழாக வந்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். வெயில் காலம் என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று ஆத்தா என்னை விட்டு இறங்கிவிட்டாள். அம்மா முடிச்சை அவிழ்த்தாள். கோயிலுக்கென்று ஒரு நோட்டை ஒதுக்கினாள். "மிச்சத்த அவ புள்ளைங்களுக்கு வுட்டுட்டுப் போயிருக்கறா," என்று சொல்லிச் சித்தப்பாவை அரிசி வாங்க அனுப்பினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உலை கொதித்தது. சோறு வடிக்கும்வரை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அகப்பையால் கஞ்சியை மொண்டு நின்றபடியே குடித்தார்.

"நாக்கு வெந்துடும், கீழ வையி," என்று பழைய அதிகாரத்தோடு அதட்டினேன்.

அவர் நிமிரவே இல்லை. ஒரே நாளில் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டதே என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.