ஹலோ வராத வாரம்

மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு ஒரு விளக்கு எரிகிறதா என்று கேட்பதற்கு முன்னால், என் அப்பா சௌக்கியமா என்பதைச் சொல்லியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர் பம்ப் நிலையத்துக் காவலாளி சலீமுக்குத் தினமும் காலையில் நான் போன் செய்கிறேன். அவர் ஓமானி, இந்தி பேசுவார். என்ன அவசரமானாலும் முதலில் என் உடம்பு, பிறகு அப்பா, வீடு, குழந்தை என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுந்துபோய் ரவுட்டர் பெட்டியின் விளக்கைப் பார்ப்பார். என் அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அதை விளக்குமளவு எனக்கு இந்தி வராது. அதனால் அப்பா நன்றாக இருக்கிறார் என்றே சொல்லிவருகிறேன்.

நம் ஊரில் நலம் விசாரிக்க யார் இவ்வளவு வார்த்தை செலவழித்தார்கள்? எனக்குச் சிதம்பரம் பக்கத்துப் புவனகிரி. நான் இங்கே வந்த பிறகு, என் மனைவி சுமதி தினமும் சாயங்காலம் ஒரே ஒரு மணி விட்டு வைத்துவிடுவாள். மிஸ்டு கால். ஒரு மணி என்றால் அவளும் பாப்பாவும் நலம், இரண்டு முறை வந்தால் நான் கூப்பிட வேண்டும். வெளிநாடு வந்த எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். பயந்த சுபாவக்காரன் நான், ஆரம்பத்தில் பதறிப்போய் எடுத்துவிடுவேன். "எடுக்காத மாமா, காசு போவுது! நல்லாதான் இருக்கோம், வெய்யி!" என்று கத்துவாள். காலையிலும் ஒன்று கொடு என்று கெஞ்சினேன். "காலைல செத்துப்போயி சாயங்காலம் எழுந்திரிக்கவா போறேன்?" என்று மறுத்துவிட்டாள்.

பத்தாவதைத் தாண்டாதவன் நான். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒயர் இழுக்கப்போய், ரவுட்டர் பெட்டிகளோடு பழகி, அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். பம்ப் நிலையங்களை மஸ்கட்டோடு இணைக்கும் ரவுட்டர்களைக் கண்காணிப்பது என் வேலை. ஒவ்வொரு ரவுட்டரும் கம்பியின் மறுமுனையில் இருப்பதற்கு இடைவிடாமல் ஹலோ அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கமிருந்தும் ஹலோ வந்து, அதில் தன் பெயரும் இருந்தால்தான் அதை நெய்பர் என்று ஏற்கும். ஏற்ற பிறகு இரண்டும் தமக்குத் தெரிந்த பாதைகளையெல்லாம் ஒன்றுக்கொன்று சொல்லி, இருவர் கையிலும் ஒரே வரைபடம் ஆனதும் திரையில் 'ஃபுல்' என்று வரும். பக்கத்திலேயே ஓர் எண் இறங்கிக்கொண்டிருக்கும். ஹலோ வந்தால் துள்ளி மேலே ஏறும். வராமல் சுழியைத் தொட்டால் நெய்பர் செத்ததாகக் கணக்கு, பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க என்னைப் போன்ற ஆளை எடுத்திருக்கக் கூடாது.

போன வருடக் கடைசியில் கடலூர்க் கரையில் புயல் ஏறியதைக் கேண்டீன் டிவியில் பார்த்தேன். மின்கம்பங்கள் குச்சி குச்சியாகக் கிடந்தன. செல்போன் டவர் ஒன்று இடுப்பு ஒடிந்து மடங்கியிருந்தது. அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. சிதம்பரத்து ஆள் யாருக்குப் போட்டாலும் அதே குரல்.

லீவு கேட்டு மேனேஜரிடம் போய் நின்றேன். என் பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது. எங்கள் எல்லோருடையதும் அங்கேதான். அந்த நேரம் பார்த்து சலீமின் நிலையத்தில் ரவுட்டர் எரிந்துபோய்ப் புதுசு மாட்டியிருந்தார்கள். அது நெய்பராகச் சேரவில்லை. "அதை முதலில் சரிசெய், லீவு பிறகு பேசலாம்" என்றார் மேனேஜர். 'பிறகு' என்ற சொல்லை, 'தருகிறேன்' என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் விளக்கைக் கேட்க சலீமைக் கூப்பிட்டேன். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். வீட்டில் எல்லோரும் நலமா என்ற இடத்துக்கு வந்தார். "தூஃபான்" என்றேன். புயலுக்கு இந்தியில் அதுதான் தெரியும். சலீம் போனோடு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பயப்படாதே தம்பி, இங்கே மேகமே இல்லை, நல்ல வெயில்" என்றார். நன்றி சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல?

பெட்டியின் விளக்கு எரிகிறது என்பதையும் சலீம் சொல்லியிருந்தார். மஸ்கட்டிலிருந்து தட்டினால் அந்தப் பெட்டி பதிலும் தந்தது. ஆனால் நெய்பர் பட்டியலில் மட்டும் அந்த இடம் காலி. லைன் இருக்கிறது, உறவு இல்லை. எனக்கு நேர் எதிர். ஊரில் உறவு இருந்தது, லைன் இல்லை. இரண்டு முனையின் அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். மலைமேல் லைன் அடிக்கடி தடுமாறும் என்பதால், யாரோ முன்பு எங்கள் முனையில் ஹலோவை நிதானமாக அனுப்பும்படி வைத்திருந்தார்கள். புதுப்பெட்டி கடையிலிருந்து வந்த வேகத்திலேயே ஹலோ சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் ஹலோ சொல்கின்றன, இரண்டுக்கும் அது கேட்கிறது. ஆனால் இடைவெளி ஒத்துப்போகாத ஹலோவை இந்தப் பெட்டிகள் ஏற்காது. அந்தப் பக்கத்தையும் நிதானமாக்கினேன். கொஞ்ச நேரத்தில் பெயர் வந்தது. பிறகு ஃபுல்.

ஓடினேன். மேனேஜர் சந்தோஷப்பட்டார். "நல்ல வேலை. இனி ஒரு மாதம் நீயே பக்கத்திலிருந்து கவனித்துக்கொள். உன்னைவிட யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அலமாரி மூடியே இருந்தது.

படியிறங்கும்போது போன் அடித்தது. இந்திய எண், தெரியாத எண். ஒரு மணி. நின்றேன். இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதும் அடிக்கத் தொடங்கியபோது எடுத்துவிட்டேன். எங்கள் ஏற்பாட்டில் மூன்றாவது மணிக்கு அர்த்தமே இல்லை.

"எடுக்கவே மாட்டியா மாமா? சிதம்பரத்துல ஜெனரேட்டர் ஓடுற போன் கடையில நின்னுகினு கத்திகினு இருக்கேன்!"

"சுமதி, உயிரோட இருக்கியா?"

"இல்ல, ஆவி பேசுது. கேள்வியப் பாரு. பாப்பாவும் நல்லாருக்கு. ஓடு பாதி பறந்துபோச்சி, அவ்ளோதான்."

"நான் வரேன். எப்படியாவது கேட்டுகினு வரேன்."

"வந்து? ஏணில ஏறுனா ஒனக்குத் தல சுத்தும். எங்கண்ணன் ஆளு கூட்டியாந்து ஓடு மாத்திகினு இருக்கு. நீ அங்கயே இரு மாமா, அதான் எங்களுக்கு நல்லது."

இங்கே விடமாட்டேன் என்கிறார்கள், அங்கே வராதே என்கிறாள். படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையை மறைக்கத் தெருவைப் பற்றி விசாரித்தேன். வீட்டெதிரில் இருந்த கரண்டு கம்பம்? "சாஞ்சிடுச்சி." முக்கில் இருந்த புளியமரம்? "வேரோட போச்சி. இப்ப நம்ம வாசல்ல நின்னா மெயின் ரோட்டு பஸ்ஸு தெரியுது மாமா." அவள் சொல்லச் சொல்ல, எனக்குள் இருந்த தெருவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். அவளிடம் இருக்கும் தெருவும் என்னிடம் இருக்கும் தெருவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கையைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. எந்தக் காற்றுக்கும் முதலில் ஒடிவது முருங்கைதான். அவளும் சொல்லவில்லை. இந்த நாள்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த ஒரு மரம் மட்டும் புவனகிரியில் இல்லாமல், மஸ்கட்டில் எனக்குள் காய்த்துக்கொண்டிருக்கிறது.